மஞ்சள் பொடி தூவினாற்போல்

சென்னை மாநகரம் வில்லிவாக்கத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் ஏழாம் தொகுதி இரண்டாம் மாடியில் வசிப்பவனும், காலஞ்சென்ற முத்துவேலின் இளைய மகனும், ரயில்பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டுகள் பற்றவைப்புப் பணியாற்றி ஓய்வுபெற்றவனும், ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி வாசலை மிதிக்காமல் நூலகத்தின் துணைகொண்டே கற்றவனுமாகிய மு. தணிகாசலம் என்னும் நான், எழுபத்திரண்டு அகவை நிறைந்து எழுபத்து மூன்றாவது நடந்துகொண்டிருக்கும் இந்த வியாழக்கிழமைப் பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, ஒரு கறுப்புப் போர்வையின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன். போர்வைக்கடியில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் மூன்று மீன்கள். இன்று காலை ஏழு மணி வரை அவை நான்கு. மீன்கள் என்னுடையவை அல்ல; தரைத்தளத்தில் இருக்கும் சபூராவுடையவை. சபூரா என் நண்பர் ஜமால் மொகிதீனின் மனைவி. ஏப்ரல் எட்டாம் நாளுக்குப் பிறகு வேறு சொல்லால் அவரைக் குறிப்பிட வேண்டும் என்பதை அறிவேன், ஆனால் அந்தச் சொல்லிடம் போய் மனம் திரும்பிவிடுகிறது. அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு ஐந்து மணிக்குள் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். இந்தப் போர்வையை நான் இப்போதே எடுத்து மடித்துப் பரணில் வைத்துவிட்டால், அவர் வந்து மீன்களைப் பார்ப்பார், வாங்கிக்கொள்வார், போய்விடுவார். எடுக்காமல் விட்டால், ஏன் இருட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார். கேட்டால் நான் சொல்லியாக வேண்டும். மிகச் சிறிய செய்திதான், ஒரு மூச்சில் அடங்கிவிடும்: தங்கச்சி, உன் கணவரின் மீன்களைக் கொன்றது உன் கை அல்ல, என் வாய். இதை எத்தனை முறை ஒத்திகை பார்த்திருக்கிறேன். ‘தங்கச்சி’ வரைக்கும் நன்றாகவே வருகிறது.

போர்வை கனமான போர்வை. தொட்டியின் காற்றுக்குழாய் அதற்குள்ளிருந்து முணுமுணுக்கிறது, மூடிய அறைக்குள் யாரோ தமக்குத்தாமே பேசிக்கொள்வதுபோல. ஜமால் இருந்திருந்தால் இந்த உவமையைக் கேட்டுச் சிரித்திருப்பார். மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். யாரையும் எதையும் கேலி செய்யாமல் ஒரு நிறுத்தத்தைக்கூடக் கடந்ததில்லை. ஒருமுறை அவருடைய தொட்டியைப் பார்த்து, "மீன்கள் அயர்வுற்றிருக்கின்றன" என்றேன். "வாத்தியாரே, அது அயர்வுறல, தூங்குது. நீங்க சத்தமாப் படிச்சீங்கன்னா எழுந்துக்கும்" என்றார். கப்பி மீன்கள். கடையில் எவரும் திரும்பிப் பாராத மலிவான மீன் இனம்; ஆனால் ஜமால் ஒன்பது ஆண்டுகள் ஒரே வம்சவழியைப் பிரித்துப் பிரித்து வளர்த்தார். குட்டிகளில் உடல் கருநீலமும் வால் நெருப்புச் சிவப்பும் உள்ளவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைக் கொளத்தூர் மீன்கடைக்காரர்களிடம் கொடுத்துவிடுவார். "நான் சர்வீஸ்ல இருக்கச்சே பொறந்ததுங்க வாத்தியாரே. இதுங்களோட பேரனுக்குப் பேரனே ரிட்டயர் ஆயிட்டான், இன்னும் எனக்கு அரியர்ஸ் வரல" என்பார். அந்தச் சிரிப்பின் நடுவே இன்னொன்றும் சொன்னார், எப்போது என்று நினைவில்லை, மழைக்காலமாக இருக்க வேண்டும், அவருடைய தோளில் துண்டு கிடந்தது: "உங்க மீனுங்க நோயில சாவாது. நீங்க பாடம் எடுத்தே கொன்னுடுவீங்க." நானும் சிரித்தேன். நன்றாக நினைவிருக்கிறது, வாய்விட்டுத்தான் சிரித்தேன். இப்போது அந்த வாக்கியத்தின் அருகில் போகும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஒதுங்கிக்கொள்கிறது. அவர் வேடிக்கைக்குச் சொன்னார். வேடிக்கைக்குத்தான். மணி என்ன, நான்கு ஆகவில்லை.

நான் பாடம் எடுப்பவன்தான். மறுப்பதற்கில்லை. இந்தக் குடியிருப்பில் எவர் வீட்டில் மீன் வயிறு வீங்கினாலும், துடுப்பு கரைந்தாலும், தண்ணீர் பால்போலக் கலங்கினாலும் என்னிடந்தான் வருவார்கள். ‘மீன் பிணியியல்: ஓர் அனுபவக் கையேடு’ என்று தலைப்பிட்டு ஒரு நீண்ட குறிப்பேட்டில் பதினோர் ஆண்டுகளாக எழுதி வருகிறேன், என்றாவது அச்சேற்ற வேண்டும் என்பது எண்ணம். நோய், அறிகுறி, காரணம், தீர்வு என நான்கு கட்டங்கள். அந்தக் கட்டங்களை அளவுகோல் வைத்துக் கோடிடும்போது ஒரு நிறைவு உண்டாகும். ஆறாம் வகுப்பில் படிப்பை விட்டவனுக்கு அந்த நிறைவு எத்தகையது என்பது முழுதாகப் படித்தவர்களுக்குத் தெரியாது. ஆனால் எனக்கு முதல் மீனைக் கொடுத்தவரே ஜமால்தான் என்பது அந்தக் கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை. என் மனைவி இராசம் மறைந்த பதினைந்தாம் நாள், ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றில் இரண்டு கப்பிகளைப் போட்டு எடுத்துவந்து, ஒன்றும் பேசாமல், சமையலறை மேடைமீது வைத்துவிட்டுப் போனார். மாவு டப்பாவுக்கும் எண்ணெய்த் தூக்குக்கும் நடுவே அவை நீந்திக்கொண்டிருந்தன. நான் அவற்றுக்குச் சோறு போட்டேன். சோறு போடக்கூடாது என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. பிறகு நான் படித்தேன், படித்துப் படித்து அவரைவிட அறிந்தவனானேன்; அவரும் என்னை வாத்தியாரே என்று அழைக்கத் தொடங்கி, எனக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். விட்டுக்கொடுத்தார் என்பது அப்போது விளங்கவில்லை. வென்றதாக எண்ணிக்கொண்டேன்.

அவர் போனபின் சபூரா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளிவராமல், அந்நிய ஆடவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். கூடத்துக்கும் வாசலுக்கும் இடையே பச்சைத் திரைச்சீலை ஒன்று தொங்கியது. தொட்டி திரைக்கு அப்பால். நான் இப்பால், செருப்புக் கழற்றும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் பர்வீன் வந்து கூப்பிட்டாள். பர்வீன் அவர்களுடைய ஒரே மகள், பள்ளிக்கூட ஆசிரியை. ஊரே தண்ணீரில்லாமல் தவித்துக்கொண்டிருந்த காலம். லாரி வரும் திசையைப் பார்த்துக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு மனிதர்கள் வெயிலில் நின்ற காலம். திரைக்கு உள்ளிருந்து குரல் வந்தது. "அண்ணே, மூணு நாளா மீனுங்க ஒரு மாதிரியா இருக்குண்ணே. கல்லுல போய்ப் போய் உரசிக்குதுங்க. மூலையில ஒளிஞ்சுக்குதுங்க." நான் கேட்டேன்: "உடம்புல புள்ளி ஏதாவது தெரியுதா தங்கச்சி?" குரல் சற்றுத் தயங்கியது. "புள்ளின்னு சொல்ல முடியாதுண்ணே. மஞ்சப் பொடி தூவுனாப்புல இருக்கு. சாய்ச்சுப் பார்த்தாத்தான் தெரியுது." சாய்த்துப் பார்த்திருக்கிறார். எந்தப் புத்தகமும் சொல்லித்தராமல், தாமாகவே தலையைச் சாய்த்து, ஒளி விழும் கோணத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். நான் என்ன சொன்னேன்? "மஞ்சளாத் தெரியுறது உங்க தொட்டி பல்போட நெறம்மா. இது வெள்ளைப்புள்ளி நோய். சந்தேகமே இல்ல." பர்வீன் தன் கைப்பேசியை நீட்டினாள். "மாமா, போட்டோ எடுத்துட்டு வந்து காட்டவா?" வேண்டாம் என்றேன். "படம் எதுக்கு? நோயாளி வாயால சொன்னாலே வைத்தியன் கண்டுபிடிச்சிடணும்." அந்த வாக்கியத்தை நான் விரும்பினேன். சொல்லி முடித்தபின் திரைக்கு அப்பால் அது எப்படி ஒலித்திருக்கும் என்று கற்பனைகூடச் செய்தேன். வாய் சொன்னதைக் கேட்டே கண்டுபிடிப்பவன், வாய் சொன்னதைக் கேட்கவில்லை.

வெள்ளைப்புள்ளிக்கு உப்பும் வெப்பமும் வேண்டும். ஜமாலின் தொட்டி மூடியில் பழைய குண்டு பல்பு ஒன்று உண்டு. அதுவே விளக்கு, அதுவே சூடு. "ராப்பகலா பல்பு எரியட்டும். என்ன ஆனாலும் அணைக்கக் கூடாது. தினம் ஒரு குடம் தண்ணி மாத்தணும்" என்றேன். "சரிண்ணே" என்றது குரல். அந்த நாட்களில் அவர்கள் வீட்டுக்குக் கிடைத்ததே நான்கு குடம். பின்னர்தான் பர்வீன் சொன்னாள், அதில் ஒன்றை மீனுக்கு வைத்துவிட்டு, அம்மா தொழுகைக்குக் கைகால் கழுவும் தண்ணீரைச் சொம்பால் அளந்து பயன்படுத்தினார் என்று. நான் ஒவ்வொரு மாலையும் இறங்கிப்போய் இறப்பைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். முதல் நாள் மூன்று. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் நான்கு. இருபத்துமூன்றில் ஒன்பது போயின. அடுத்த நாள் ஒன்று. ஆனால் அந்த ஒன்று எல்லாவற்றிலும் மூத்த பெண்மீன், ஜமால் ‘பேகம்’ என்று அழைத்தது. அதற்கும் அடுத்த நாள் எதுவும் இறக்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை நான் போனபோது திரைக்கு அப்பால் வெளிச்சம் இல்லை. எப்போதும் அந்தப் பச்சைத் துணியில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரியும்; அன்று அது இல்லை. கேட்டேன். "பல்பை அணைச்சீங்களா?" "நேத்திலேருந்துண்ணே. பாவமா இருந்துச்சு. வெளிச்சம் கண்ணைக் குத்துற மாதிரி, எல்லாம் பம்புக்குப் பின்னாடி போய் ஒண்டிக்கிச்சுங்க. கொஞ்சம் கண்ணசரட்டும்னு அணைச்சேன்." அப்போது நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். "அதனாலதான்."

அதனாலதான். செத்துச்சுங்க என்றுகூடச் சேர்க்கவில்லை, இந்த ஒரு சொல். பிறகும் ஏதோ பேசினேன், அணைக்காதே என்று சொன்னேனா இல்லையா என்று கேட்டேன், "சொன்னீங்கண்ணே" என்று குரல் வந்தது, மறுபடி பல்பு எரிந்தது, துணியில் வட்டம் வந்தது, நான் படியேறி வந்து கையேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘உரிமையாளரின் கவனக்குறைவு’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். ஆனால் இவையெல்லாம் அதன் வால். தலை அந்த ஒரு சொல்தான். அதை நான் எங்கே கற்றேன் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் இதில் மிகக் கேவலமான பகுதி. பதின்மூன்று ஆண்டுகளுக்குமுன், ஒரு மருத்துவமனையில், எந்த மருத்துவமனை என்பது எதற்கு, இராசத்தின் படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார்: "இன்னும் ரெண்டு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கணும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. பேனா மூடியை அழுத்திக்கொண்டே சொன்னார், டிக், டிக், டிக். அவருக்குப் பின்னால் நாட்காட்டியில் ஒரு நீர்வீழ்ச்சி. அந்த இரண்டு மாதத்தை நான் நாள்நாளாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். முதுகு வலிக்கிறது என்றாள், தைலம் தேய்த்தேன். சோறு இறங்கவில்லை என்றாள், கஞ்சி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றாள், வேண்டாம், திங்கள் போகலாம் என்றேன், திங்கள் மிகைநேர வேலை வந்தது. அறுபது நாட்களில் ஏதோ ஒரு நாளில் நான் அவளைக் கொன்றிருக்கிறேன், எந்த நாள் என்று மட்டும் தெரியவில்லை. இதை ஜமாலிடம் மட்டுமே சொன்னேன். அவர், "அந்த டாக்டர் டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டாரு வாத்தியாரே. நீங்கதான் அதைக் கையில வச்சுக்கிட்டு எறங்காம உக்காந்திருக்கீங்க" என்றார். ஒரு சொல் ஒரு மனிதனைப் பதின்மூன்று ஆண்டு உட்காரவைக்கும் என்பதை இந்தக் குடியிருப்பில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? அறிந்த நான், அதே சொல்லை, கணவனை அடக்கம் செய்து மூன்று மாதமே ஆன ஒரு பெண்ணுக்கு, துணிக்கு இப்பால் வசதியாக அமர்ந்துகொண்டு, கிழித்துக் கொடுத்தேன்.

நான்கு பத்து. காற்றுக்குழாய் முணுமுணுக்கிறது. ஜூலை பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை நண்பகல், எஞ்சிய ஆறு மீன்களை வாளியிலிட்டுப் பர்வீன் எடுத்துவந்தாள். "அம்மா குடுத்தனுப்பிட்டாங்க மாமா. என் கையில இருந்தா மிச்சத்தையும் கொன்னுடுவேன்னு சொல்றாங்க." அவள் போனபின் ஆறையும் தொட்டியில் விட்டேன். மின்சாரம் இல்லை. கீழே லாரி வந்த கூச்சல் தாங்காமல் சன்னலை அடைத்திருந்தேன். அறை மங்கிக் கிடந்ததால் கைவிளக்கை எடுத்து, நேராகப் பிடித்தால் கண்ணாடி கூசுகிறதே என்று சற்றுச் சாய்த்துப் பிடித்தேன். மீன் ஒன்று அந்த ஒளிக்குக் குறுக்கே வந்து திரும்பியது. அதன் கருநீலத் தோளில், முதுகில், வால் தொடங்கும் இடம் வரை, மிக மெல்லிய பொன்தூசு. மஞ்சள் பொடி தூவினாற்போல். வேறு எந்தச் சொற்களாலும் அதைச் சொல்ல முடியாது. எழுபத்திரண்டு வயதுவரை நான் சேர்த்து வைத்த சொற்களில் இதைவிடப் பொருத்தமானது இல்லை. வெள்ளைப்புள்ளி உப்புக்கல் போல எண்ணக்கூடியதாக இருக்கும். இது எண்ண முடியாத மாவு. இது வேறு நோய். இந்த நோயின் கிருமி பாதி செடி. செடியைப் போலவே வெளிச்சத்தைத் தின்று பெருகுவது. இதற்கு முதல் மருந்தே இருட்டு. என் கையேட்டின் நாற்பத்தேழாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன், அடிக்கோடு வேறு. அந்தப் பக்கத்தையும் இறப்புக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பல்பு எரிந்த நாட்கள்: மூன்று, இரண்டு, நான்கு. அணைந்திருந்த நாட்கள்: ஒன்று, சுழி. மீண்டும் எரிந்த நாட்கள்: மூன்று, இரண்டு, இரண்டு. படிக்கத் தெரிந்த குழந்தை பார்த்தாலும் விளங்கியிருக்கும். சபூரா இரக்கப்பட்டு அணைத்த அந்த ஒன்றரை நாள்தான் இந்த ஆறுக்கும் மூச்சு வாங்க நேரம் கொடுத்தது. அவர் செய்ததில் சரியான ஒரே செயல் அது. நான் குற்றம் என்று சொன்ன ஒரே செயலும் அது.

அன்றே இறங்கிப்போயிருக்க வேண்டும். முப்பத்திரண்டு படிகள். போர்வையை எடுத்துத் தொட்டியை மூடினேன், நீல மருந்தைச் சொட்டுக் கணக்கில் விட்டேன், உப்பைக் கரைத்தேன், நாளை சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டுக்கு உறவினர் வந்திருந்தார்கள். பிறகு, மீன்கள் தேறட்டும், தேறியபின் சொன்னால் கேட்பதற்கு இதமாயிருக்கும். பிறகு, இத்தா முடியட்டும், துக்கத்திலிருப்பவரிடம் திரைக்கு வெளியிலிருந்து இதைச் சொல்வது பண்பாகாது. எத்தனை பண்பான காரணங்கள், எல்லாமே அச்சிட்டாற்போல். இரண்டு மீன்கள் இறந்தன, நான்கு நின்றன. படியில் எதிர்ப்பட்டபோதெல்லாம் பர்வீன் கேட்பாள், "அம்மா கேக்கச் சொன்னாங்க, எப்படி இருக்கு?" "தேறிவருது." "என்ன மருந்து மாமா?" "அது ஒரு முறை." ஒருநாள் அவள் காய்கறிப் பையுடன் நின்று, சிரித்துக்கொண்டே, சிரிப்பாகத்தான் தொடங்கினாள்: "எங்கம்மா இப்பல்லாம் வீட்டுல ஒரு சுவிட்சையும் தொடுறதில்ல மாமா. ஹால் லைட்டு பகல்லயும் எரியுது. அணைம்மான்னா, நீயே அணைச்சிடு, என் கை ராசியில்லாத கைன்றாங்க. அத்தா வளர்த்ததைக் கொன்ன கையாம்." பிறகு அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. "நீங்க பெரியவங்க, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் சொன்னா, உனக்கு என்ன தெரியும், அண்ணனே சொல்லிட்டாருன்றாங்க." நான் சொன்னேன், "காலம் ஆற்றும்மா." என் நாக்கு சொன்னது. பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒருகணம் என்னைப் பார்த்தாள். "ரேடியோ மாதிரியே பேசுறீங்க மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். அது பன்னிரண்டு நாளைக்கு முன். ஜூலை பதின்மூன்றிலிருந்து இன்றுவரை நாற்பது நாள். மருத்துவராவது தாம் சொன்னது சரியென்று நம்பிச் சொன்னார்.

எதற்கு அஞ்சுகிறேன்? மீன் விஷயத்தில் தவறுவது பெரிதல்ல. தவறாத மீன்காரன் எவன்? சபூரா திட்டுவார் என்பதா? அவர் திட்டமாட்டார், அது இன்னும் தாங்காது. உண்மையைச் சொல்வதென்றால், இந்த நான்கு கட்டங்களும் கோடும் போய்விடும் என்றுதான் அஞ்சுகிறேன். தணிகாசலத்துக்கு எல்லாம் தெரியும் என்று குடியிருப்பில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் மீனுக்குச் சோறு போட்ட கிழவன்தான் மிஞ்சுவான். இதற்காகவா? இதற்காகத்தான் ஒரு பெண் பகலில் விளக்கெரியும் கூடத்தில் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்று காலை ஏழு மணிக்குப் போர்வையைத் தூக்கிப் பார்த்தபோது, நான்கில் ஒரே ஆண்மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. நோயின் தூசு எதுவும் அதன்மேல் இல்லை. வயது, அல்லது களைப்பு. வால் மட்டும் அப்படியே சிவந்திருந்தது. தேநீர்க் கரண்டியால் எடுத்துத் தாளில் வைத்தேன். ஒன்பது ஆண்டு வழியின் கடைசி ஆண். உடனே என் மூளை என்ன செய்தது தெரியுமா, துக்கப்படவில்லை, ஒரு வழி கண்டுபிடித்தது: பெண் கப்பிகள் ஆணின் வித்தைப் பல மாதம் உடலுக்குள் வைத்திருந்து பின்னரும் குட்டி போடும், ஆகவே இம்மூன்றும் குட்டி போடலாம், இந்தச் செய்தியை முதலில் சொல், அவர் மகிழ்வார், கண் துடைப்பார், அந்த மகிழ்ச்சியில் போர்வையைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவார். செய்தி உண்மைதான். உண்மையைக்கூட ஒளிந்துகொள்ளும் மறைப்பாக ஆக்கிவிட முடிகிறது எனக்கு. நான்கு ஐம்பது. எடுத்துவிடலாம். போர்வையின் நுனி என் வியர்வையில் நனைந்திருக்கிறது. எடுத்து, மடித்து, பரணில். மீன்களும் தேறிவிட்டன, வெளிச்சம் இனி அவ்வளவு கெடுதலில்லை, மருத்துவ முறையிலும் தவறில்லை. பாதி தூக்கினேன். ஒரு பெண்மீன் ஒளி பட்டதும் சட்டென்று குழாயின் பின்னே போய் ஒண்டிக்கொண்டது. பாவமா இருந்துச்சு என்று திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல் சொன்னதே, அது இதைப் பார்த்துத்தான். நான் ஒருமுறையும் இதைப் பார்க்கவில்லை. இறந்தவற்றை மட்டுமே கேட்டுக் குறித்தேன். போர்வையை விட்டுவிட்டேன். படியில் இரண்டு பேர் ஏறிவரும் ஓசை. ஒருவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

நான்கரை மாதத்துக்குப்பின் அவருடைய முகத்தைப் பார்க்கிறேன். வெள்ளைத் துப்பட்டி. இளைத்திருக்கிறார். பர்வீன் கையில் மூடிபோட்ட வாளி. "வாங்க தங்கச்சி, உக்காருங்க" என்றேன். "மூச்சு வாங்குதுண்ணே, உங்க படி என்ன ஏறிக்கிட்டே இருக்கு. அவரு எப்படித்தான் தினம் ரெண்டு தடவ வந்தாரோ." சுற்றிலும் பார்த்தார். "எங்கண்ணே, மீனைக் காணோம்?" நான் போர்வையைக் காட்டினேன். "இதுக்குள்ளயா? ஏண்ணே இருட்டுல போட்டு வச்சிருக்கீங்க?" இதோ. ‘தங்கச்சி’ என்றேன். அதற்கப்பால் நான் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. ‘பிழை’ வரவில்லை, ‘நோயறிதல்’ வரவில்லை. "அதுக்கு இருட்டுதாம்மா மருந்து. அப்பவும் இருட்டுதான் மருந்து. நான் தப்பாச் சொல்லிட்டேன். நீ மஞ்சப் பொடின்னு சரியாத்தான் சொன்ன. நான் காதுல வாங்கல. பல்பை நீ அணைச்சதாலதான் இதுங்களாவது மிஞ்சுச்சு. எரியவிடச் சொன்ன நான்தான் மத்ததைக் கொன்னேன்." எவ்வளவு அசிங்கமான வாக்கியங்கள், ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு. பர்வீன்தான் கேட்டாள்: "இது எப்பத் தெரியும் மாமா உங்களுக்கு?" இன்றைக்குத்தான் என்று சொல்லலாம். எவருக்கும் தெரியப்போவதில்லை. "நீ வாளியில கொண்டுவந்த அன்னைக்கே" என்றேன். "அது நாப்பது நாளு." "ஆமாம்மா." "நாப்பது நாளா எங்கம்மா..." அவள் வாளியைத் தரையில் வைத்தாள், மெதுவாகத்தான் வைத்தாள். "படியில நின்னு கேட்டேனே மாமா. ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு உங்களைத்தானே கேட்டேன். காலம் ஆத்தும்னீங்க." இன்று காலை ஆண்மீனும் போய்விட்டது என்பதையும் சொன்னேன். வித்து பற்றிய செய்தியை நான் சொல்லவில்லை. வேறொரு நாள் அதற்கு இருக்கும்.

சபூரா தம் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார், சமையலில் சூடுபட்ட இடத்தைப் பார்ப்பதுபோல. "அப்ப அன்னைக்கு நான் அணைச்சது தப்பில்லையாண்ணே?" "இல்லம்மா." "திரும்பச் சொல்லுங்க." "தப்பில்லம்மா. நீ செஞ்சதுதான் சரி." "பேகம் செத்தது?" "அதுக்கு மூணு நாள் முன்னாடியே நோய் முத்திப்போச்சு. என்னாலதான்." அவர் தலையசைத்தார். அழவில்லை. "அவரோட தங்கச்சிங்க நாளைக்கு வர்றாங்க. வீட்டுல வந்து அவங்க எதிர்லயும் இதே மாதிரி சொல்லணும் நீங்க. அவங்களும் என்னை அப்படித்தான் பேசிட்டுப் போனாங்க." சொல்கிறேன் என்றேன். மன்னித்தேன் என்று அவர் கூறவில்லை. கேட்கும் துணிவு எனக்கும் இல்லை. பிறகு எழுந்து வந்து, நான் பிடித்திருந்த இடத்தில் போர்வையைப் பிடித்து, ஒரு சாண் அளவு மட்டும் தூக்கி, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பர்வீன் சன்னலருகே போய் நின்றுகொண்டாள். "இப்ப எடுத்துட்டுப் போலாமாண்ணே?" என்று சபூரா கேட்டார். ஆயிரம் விடை என் நாவில் வந்து நின்றது, உப்பின் அளவு, நாட்கணக்கு, பக்க எண். "நீ பாத்ததுல என்ன தோணுதோ அதைச் சொல்லும்மா" என்றேன். அவர் மறுபடி குனிந்தார். "ரெண்டு நல்லா இருக்கு. ஒண்ணு வாலை இன்னும் மடக்கியேதான் வச்சிருக்கு. இன்னும் பத்து நாளு இருக்கட்டும், இப்படியே. நான் தினம் வந்து பாக்குறேன்." "சரி தங்கச்சி" என்றேன். காலி வாளியைப் பர்வீன் எடுத்துக்கொண்டாள். என்னிடம் விடைபெறாமலே போனாள். அது அவளுக்குத் தகும். சபூரா மட்டும் வாசலில் நின்று, "நாளைக்கு ஜும்மாவுக்கு அப்புறம், மூணு மணிக்கு வந்துடுங்க, மறக்காம" என்றார். மறுநாள் மூன்று மணிக்கு முப்பத்திரண்டு படிகளையும் இறங்கிப் போனேன். திரையில்லாத அந்தக் கூடத்தில், ஜமாலின் இரு சகோதரிகளும் பர்வீனும் கேட்டிருக்க, நின்றுகொண்டே, சபூராவின் மீது பிழையில்லை என்பதையும் பிழை என்னுடையது என்பதையும் சொல்லி முடித்தேன். இவ்வாறாக இவ்விஷயம் தீர்ந்த நாள், விகாரி ஆண்டு ஆவணித் திங்கள் ஆறாம் நாளாகிய, இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இருபத்துமூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை.